செஞ்சி மலையில் கல் அடுக்கியது யார்?

திண்டிவனத்தில் பஸ் ஏறினால் செஞ்சி 28 கிலோமீட்டர். ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அந்த நேரம் முழுக்கவும் ஓர் அறிவியல் வகுப்புதான். போன தை மாதம் என் அக்கா மகளையும் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் எட்டாம் வகுப்பு, அவன் ஐந்தாம் வகுப்பு. காலை வெயில் இதமாக இருந்தது. ஜன்னலுக்கு யார் என்று சண்டை வந்தது. பாதி வழி அவனுக்கு, மீதி வழி அவளுக்கு என்று தீர்த்து வைத்தேன்.

பாதி வழி தாண்டியதும் மேற்கே மலைகள் தலைகாட்டின. முதலில் கேட்டது தம்பிதான்.

“மாமா, மரமெல்லாம் பின்னால ஓடுது. மலை மட்டும் நம்ம கூடவே வருதே, ஏன்?”

எல்லோரும் சின்ன வயதில் பார்த்ததுதான். நிலா கூடவே வருவதும் இதே கதைதான். சாலையோரப் புளியமரத்தைப் பாருங்கள். முன்னால் தெரிகிறது, கண் இமைப்பதற்குள் பக்கத்தில் வருகிறது, பின்னால் போய்விடுகிறது. அதாவது பஸ் இருபது மீட்டர் நகர்வதற்குள் அந்த மரத்தைப் பார்க்க நாம் கழுத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டியிருக்கிறது. ஏரிக்கரையில் நிற்கும் பனைமரங்கள் மெதுவாக நகரும். மலையோ பல கிலோமீட்டர் தள்ளி இருப்பது. அதே இருபது மீட்டருக்கு அதைப் பார்க்கும் திசை மயிரிழைதான் மாறும். கண்ணுக்கு அந்த மாற்றம் தெரிவதில்லை. அதனால் மலை நம்மோடு பயணம் செய்வது போலத் தோன்றுகிறது.

பார்ப்பவர் இடம் மாறும்போது பொருளின் திசை மாறித் தெரிவதை இடமாறு தோற்றம் என்கிறோம். கிட்ட இருப்பது அதிகம் மாறும், தூர இருப்பது கொஞ்சம் மாறும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுவிடலாம், இல்லையா? 1838-ல் ஃபிரீட்ரிக் பெஸ்ஸல் என்ற ஜெர்மானிய வானியலாளர் அதைத்தான் செய்தார். அவருக்கு பஸ் நம் பூமி. சூரியனைச் சுற்றும் பூமி ஆறு மாதத்தில் மறு பக்கத்துக்குப் போய்விடுகிறது. அந்த இரண்டு பக்கங்களிலிருந்தும் அன்னம் என்ற விண்மீன் கூட்டத்தில் உள்ள 61 சிக்னி என்ற மங்கலான விண்மீனைப் பார்த்து, அது எவ்வளவு நகர்ந்து தெரிகிறது என்று அளந்தார். விண்மீனின் தூரம் நம்பும்படியாக மனிதருக்குத் தெரிய வந்தது அப்போதுதான். அதன் வெளிச்சம் இங்கே வந்து சேர 11 ஆண்டுக்கு மேல் ஆகிறது.

விண்மீனுக்குச் செய்ததை மலைக்கும் செய்யலாம். அதற்கு பஸ்கூட வேண்டாம். கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். இடது கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலது கண்ணை மூடிப் பாருங்கள். விரல் மலையடிவாரத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும். அந்தத் தாவல் அங்கே எத்தனை மீட்டர் இருக்கும் என்று மதிப்பிட்டுப் பத்தால் பெருக்கினால், மலை எவ்வளவு தூரம் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். நம் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் போலக் கை நீளம் சுமார் பத்து மடங்கு என்பதால் இந்தப் பத்து. மீட்டர் கணக்கு மனதில் வராவிட்டால் பஸ்ஸை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பஸ் சுமார் 11 மீட்டர். ஒன்பது பஸ் வரிசையாக நிற்கும் அளவுக்கு விரல் தாவினால் ஏறக்குறைய 100 மீட்டர். அப்படியானால் மலை ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது.

ஜன்னல் முறை மாறியது. மலைகள் இப்போது நன்றாகக் கிட்டே வந்திருந்தன. அக்கா மகள் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

“அந்தக் கல்லையெல்லாம் யாரு மாமா மேல கொண்டுபோய் அடுக்கினது?”

செஞ்சிக்கு வரும் எல்லோருக்கும் தோன்றும் கேள்வி இது. இங்கே மலை என்றால் மண் மூடிய பச்சை மலை இல்லை. வீடு அளவு, லாரி அளவு, யானை அளவு உருண்டைக் கற்களைக் கொட்டிக் குவித்தது போல இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று. உச்சியில் இருக்கும் கல்லைப் பார்த்தால் காற்றடித்தால் விழுந்துவிடுமோ என்று இருக்கும். பூதம் தூக்கி வைத்தது, பீமன் விளையாடியது என்று இப்படிப்பட்ட குன்றுகளுக்கு ஊருக்கு ஊர் கதை உண்டு. கோட்டை கட்டிய ராஜா அடுக்கியிருப்பார் என்றான் தம்பி.

நான் பதில் சொல்லவில்லை. இறங்கி நடந்து, தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டர். திருவண்ணாமலை சாலை கோட்டையின் நடுவிலேயே போகிறது. டவுன் பஸ்ஸிலும் போகலாம், நாங்கள் நடந்தோம். சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கு ஓரமாகத் தள்ளி ராஜகிரி, இன்னொரு மூலையில் சந்திரகிரி. மூன்று குன்றுகளையும் ஒரே மதில் முக்கோணமாகச் சுற்றி வளைக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் 12 கோட்டைகளைச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சமுள்ள ஒன்று நம் செஞ்சி. 1677-ல் சிவாஜி இதைப் பிடித்தார்.

அந்த 11 கோட்டைகளுக்கும் செஞ்சிக்கும் கட்டியவர்கள், ஆண்டவர்கள் என்று எத்தனையோ வேறுபாடுகளைச் சரித்திரப் புத்தகம் சொல்லும். எனக்கு முக்கியமாகப் படுவது கல். மகாராஷ்டிரத்து மலைக்கோட்டைகளில் பெரும்பாலானவை எரிமலைக் குழம்பு தரைமேல் வழிந்து உறைந்த பாறைமீது நிற்கின்றன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அது அடுக்கடுக்காக வழிந்தது. அதனால் அங்கே மலைகள் தட்டையான தலையோடு, படிக்கட்டு வெட்டியது போல இருக்கும். செஞ்சிப் பாறை அப்படி வெளியே வழியவே இல்லை. பல கிலோமீட்டர் ஆழத்தில், நிலத்துக்குள்ளேயே உருகிக் கிடந்து, அங்கேயே மெல்ல ஆறி இறுகியது. அதன் வயது 200 கோடி ஆண்டுக்கும் மேல். அப்போது பூமியில் மரம் கிடையாது, புல் கிடையாது, மீன்கூடக் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் இருந்தன.

ஆழத்தில் மெல்ல ஆறியது என்பதற்குச் சாட்சி உண்டா? உண்டு. கோட்டைக்குள் போனதும் ஒரு பாறையில் உடைந்த பக்கமாகப் பார்த்துக் கண்ணைக் கிட்ட வைக்கச் சொன்னேன். தூரத்தில் சாம்பல் நிறமாகத் தெரிந்த கல், ஒரு சாண் தூரத்தில் புள்ளி புள்ளியாகப் பிரிந்தது. கண்ணாடித் துண்டு போல மினுங்கும் பகுதி குவார்ட்ஸ். வெங்கச்சங்கல் என்று பொறுக்கி, இரண்டை உரசி இருட்டில் நெருப்புப் பொறி வரவழைப்போமே, அதேதான். பால் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் இருப்பது ஃபெல்ஸ்பார். கறுப்பாகத் தகடு தகடாகப் பளபளப்பது அபிரகம், அதாவது காக்காப்பொன். மூன்றும் சேர்ந்ததுதான் நாம் கருங்கல் என்று சொல்லும் கிரானைட். கல்கண்டு செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாகை ஆட்டாமல் அசைக்காமல் நாள்கணக்கில் ஆற விட்டால்தான் பெரிய பெரிய கட்டியாக விளையும். அவசரமாக ஆறினால் பொடிப் பொடியாகப் போய்விடும். பாறையும் அப்படித்தான். படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் அது அவசரமில்லாமல் ஆறிய பாறை. தரைமேல் வழிந்து சட்டென்று உறைந்த மகாராஷ்டிரத்துப் பாறையில் இந்தப் புள்ளிகளை வெறும் கண்ணால் பிரித்துப் பார்ப்பது கடினம்.

சரி, நிலத்துக்குள் ஒரே கட்டியாக இருந்த பாறை எப்படி உருண்டை உருண்டையானது?

கிணறு வெட்டுகிறவர்களுக்கு இதற்குப் பாதி விடை தெரியும். இந்தப் பக்கம் கிணறு தோண்டினால் முதலில் மண் வரும். பிறகு கையால் நொறுக்கக்கூடிய மொரம்பு. அதற்கும் கீழே கடப்பாறைக்கு இணங்கும் சுக்கான்பாறை. கடைசியில் வெடி வைத்தால்தான் அசையும் கரும்பாறை. சில இடங்களில் மொரம்புக்கு நடுவே உருண்டையாக, உடைக்க முடியாத ஒரு முழுக் கல் வந்து வேலையை நிறுத்திவிடும். சுற்றிலும் மெத்தென்று இருக்க, நடுவில் இந்த ஒன்று மட்டும் எப்படி இவ்வளவு கெட்டி?

பாறை இறுகும்போதே அதில் விரிசல்கள் விழுகின்றன. நெடுக்காகவும் குறுக்காகவும் விழுந்து, பாறை பெரிய பெரிய பெட்டிகளாகப் பிரிந்து நிற்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. விரிசல் வழியாக அது கீழே போய்ப் பாறையை ஊற வைக்கிறது. குவார்ட்ஸ் அதற்கு அசையாது. ஃபெல்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறிவிடும். மூன்றும் கைகோத்து நின்ற இடத்தில் ஒன்று கைவிட்டால் மற்றவையும் உதிர்ந்துபோகும். கிணற்றில் வரும் மொரம்பு அப்படி உதிர்ந்த பாறைதான்.

பெட்டி ஏன் உருண்டையாகிறது என்பதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். அம்மாவிடம் கேட்டு ஒரு வெல்லக்கட்டியைச் சதுரப் பெட்டி போல நறுக்கி வாங்குங்கள். ஒரு கிண்ணத்தில் அது மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, கலக்காமல், ஆட்டாமல் வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை படம் வரையுங்கள். முதலில் மூலைகள் மழுங்கும். பிறகு விளிம்புகள். கடைசியில் எஞ்சுவது ஓர் உருண்டை. காரணம் எளிது. தட்டையான முகத்தைத் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து தாக்குகிறது. விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து. மூலையை மூன்று பக்கத்திலிருந்து. மூன்று பேர் அடித்தால் மூலை முதலில் விழும்தானே.

செஞ்சிப் பாறையும் நிலத்துக்குள் இப்படித்தான் மூலை இழந்தது. பெட்டிகள் உருண்டைகளாகி, சுற்றிலும் மொரம்பு சூழப் புதைந்து கிடந்தன. பிறகு மேலே இருந்த மண்ணையும் மொரம்பையும் மழை அரித்துக்கொண்டு போயிற்று. உருண்டைகளை மழையால் நகர்த்த முடியவில்லை. மண் இறங்க இறங்க, அவை இருந்த இடத்திலேயே ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து நின்றுவிட்டன. கல்லை யாரும் மேலே ஏற்றவில்லை. மண்தான் கீழே இறங்கிப் போயிருக்கிறது. மாமல்லபுரத்தில் எல்லோரும் முட்டுக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்களே, கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து, அதுவும் இப்படி வந்ததுதான்.

“அப்ப ராஜா ஒண்ணுமே அடுக்கலையா?” என்றான் தம்பி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மதிலை அடுக்கினார்கள். அதையும் இதையும் பிரித்துப் பார்ப்பது எளிது. மதில் கல்லுக்கு மூலை இருக்கும், உளி பட்ட தழும்பு இருக்கும். பாறையின் ஓரத்தில் வரிசையாகச் சின்னக் குழிகள் தெரிந்தால், அங்கே ஆப்பு அடித்துக் கல்லைப் பிளந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூலை உள்ளது மனிதர் வைத்த கல், மூலை இல்லாதது மழை விட்டுவைத்த கல். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு இருவரும் ராஜகிரி அடிவாரம் வரை பந்தயம் கட்டிக்கொண்டே வந்தார்கள்.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். காலையிலேயே ஏறிவிட வேண்டும். பிற்பகலுக்குப் பிறகு ஏற விடுவதில்லை. படியோரம் நாட்டுக்குரங்குகள் காத்திருக்கும். கையில் தின்பண்டம் தெரியக் கூடாது, அதற்குக் கொடுக்கவும் கூடாது. படியிலிருந்து செங்குத்தான பாறை முகங்களைப் பார்த்தால் சில இடங்களில் வெங்காயத் தோல் உரிவது போலப் பாறை தகடு தகடாகப் பிரிந்திருக்கும். கிலோமீட்டர் கணக்கான பாறையின் சுமையைத் தாங்கிக்கொண்டு ஆழத்தில் கிடந்தது அல்லவா? மேல் சுமை அரிபட்டுப் போனதும் பாறை மூச்சு விடுவது போல லேசாக விரிகிறது. விரியும்போது மேல்பரப்புக்கு இணையாகத் தோலாகப் பிரிகிறது.

பாறைமேல் வட்ட வட்டமாகச் சாம்பல், ஆரஞ்சு, இளம்பச்சைத் திட்டுகளைப் பார்த்து யாரோ பெயின்ட் கொட்டியதாக நினைத்தாள் அக்கா மகள். அவை உயிருள்ளவை. பூஞ்சையும் பாசியும் ஒரே குடித்தனமாக வாழும் லைக்கன். பாசி வெயிலில் உணவு சமைக்கிறது, பூஞ்சை அதற்கு வீடும் ஈரமும் கொடுக்கிறது. பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் இதே இனம். பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உள்ளங்கை அகல வட்டம் ஒன்று உங்கள் தாத்தாவைவிட மூத்ததாக இருக்கலாம். நகத்தால் சுரண்ட ஒரு நிமிடம் போதும், அதனால்தான் தொடாமல் பாருங்கள் என்கிறேன். லைக்கன் சுரக்கும் அமிலமும் கல்லை மிக மெல்லக் கரைக்கிறது. பாறை மண்ணாகும் வேலையில் அதற்கும் பங்கு உண்டு.

உச்சிக்குச் சற்று முன்னால் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில் ஒரு பெரிய பிளவு வருகிறது. ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். மேலே ஒரு பாலம். இயற்கையாக விழுந்த பிளவை மனிதர்கள் இன்னும் நீட்டி ஆழமாக்கியிருக்கிறார்கள். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி இந்தப் பக்கம், அரண்மனை அந்தப் பக்கம். சிறிய விரிசலில் மழை இறங்கி உருண்டைக் கல் வந்தது. பெரிய விரிசல் ஒன்றே கோட்டையின் கடைசிக் காவலாக நின்றது. இரண்டும் ஒரே சங்கதி, அளவுதான் வேறு. முகலாயப் படை 1690 முதல் 1698 வரை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். எட்டு ஆண்டு தாக்குப்பிடிக்கச் சோறு இருந்தால் போதாது, தண்ணீர் வேண்டும். ராஜகிரியில் சுனைகள் இருக்கின்றன. பாறை முழுக் கட்டியாக இருந்திருந்தால் மழை அப்படியே வழிந்து ஓடியிருக்கும். விரிசல்களுக்குள் இறங்கித் தங்கிய நீர்தான் சுனையாகக் கசிகிறது.

மலை இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு சிறுகடம்பூர்ப் பக்கம் திருநாதர்குன்றுக்கு நடந்தோம். ராஜகிரி அளவுக்கு யாரும் இதற்கு வருவதில்லை. எனக்கு இதுதான் பெரியதாகத் தோன்றுகிறது. ஒரு பெரும்பாறையின் முகத்தில் வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசைகளில் 24 சமணத் தீர்த்தங்கரர்கள். பக்கத்தில் ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர் நீத்ததைச் சொல்கிறது. சுமார் 1,500 ஆண்டுப் பழமை. நம் எழுத்து பழைய தமிழி வடிவத்திலிருந்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மாற்றத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது இந்தக் கல்.

அங்கே நின்றபோது அக்கா மகள் கேட்ட கேள்விக்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

“1,500 வருஷம் மழை பெஞ்சும் இந்த எழுத்து அழியல. அப்ப மழை அவ்வளவு பெரிய கல்லை உருண்டையாக்கிச்சுன்னு எப்படி நம்புறது?”

அருமையான கேள்வி. விடை இரண்டு பங்கு. முதலாவது, வெளியே நிற்கும் பாறையில் மழை விழுந்த வேகத்தில் வழிந்துவிடுகிறது, வெயில் உடனே காய வைத்துவிடுகிறது. மண்ணுக்குள் புதைந்த பாறையோ மாதக்கணக்கில் ஈரத்திலேயே ஊறிக் கிடக்கிறது. வெல்லக்கட்டிமேல் தண்ணீரைத் தெளிப்பதும் அதைத் தண்ணீரில் போட்டு வைப்பதும் ஒன்றாகுமா? உருண்டை செய்யும் வேலையில் பெரும்பங்கு மண்ணுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது, காலம். ஆயிரம் ஆண்டுக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் கரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மங்கும், ஆனால் படிக்கலாம். பத்து லட்சம் ஆண்டில் அதுவே ஒரு மீட்டர் ஆகிவிடும். இந்தப் பாறைக்குப் பத்து லட்சம் ஆண்டு ஒரு பொருட்டே இல்லை.

அவள் மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். தம்பிக்கு வேறு சந்தேகம். “இறங்கிப் போன மண்ணெல்லாம் எங்க போச்சு?”

கொஞ்சம் அவன் கையிலேயே இருந்தது. செஞ்சியைச் சுற்றி நெல்லும் மல்லாட்டையும் விளையும் நிலம் இந்தப் பாறைகள் உதிர்ந்து வந்த மண். ஃபெல்ஸ்பாரில் பொட்டாசியம் இருக்கிறது, விவசாயிகள் சாம்பல் சத்து என்று சொல்வது அதைத்தான். பாறை களிமண்ணாகும்போது அது மண்ணில் கலக்கிறது, வேர் உறிஞ்சிக்கொள்கிறது. மல்லாட்டையில் உள்ள பொட்டாசியத்தில் ஒரு பங்கு ஒரு காலத்தில் இந்த மலையாக நின்றது.

மீதி, ஆற்றில் போயிற்று. செஞ்சி வழியாக ஓடும் சங்கராபரணிக்கு வராக நதி என்றும் பெயர். வீடூர் அணையைத் தாண்டி, திருவக்கரையைத் தொட்டுக்கொண்டு, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேருகிறது. லேசான களிமண் நெடுந்தூரம் மிதந்து போகும். கரையாத குவார்ட்ஸ் உருண்டு உருண்டு மணலாகும். ஆற்றுமணலை ஒரு கை அள்ளி வெயிலில் பாருங்கள். காலையில் பாறையில் பார்த்த அதே கண்ணாடிப் புள்ளிகள் தனித்தனியாக மினுங்கும்.

இன்னொரு நாள் ஒதுக்கித் திருவக்கரைக்கும் போய் வாருங்கள். திண்டிவனம், மயிலம் என்று பஸ் மாறிப் போகலாம், கண்டக்டரிடம் கேட்டால் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்வார். செஞ்சியில் கல் மண்ணானதைப் பார்த்தோம். அதே ஆற்றங்கரையில் மரம் கல்லாகிக் கிடக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள். 1781-ல் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைப் பற்றி எழுதினார். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புதைபடிவ மரப் பூங்காவாக அறிவித்தது. மரவளையம் தெரியும், தட்டினால் கல் சத்தம் கேட்கும். எந்த மரத்திலும் கிளை இல்லை, வேர் இல்லை, இலை இல்லை. அவை அங்கே வளர்ந்தவை அல்ல, பழங்காலத்து வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து போட்டவை என்பதற்கு அதுவே சான்று. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டத்து ஆறுகள் கரை புரண்டதைப் பார்த்தவர்களுக்கு, வெள்ளம் மரத்தை எப்படிக் கொண்டுபோகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மணலுக்குள் காற்றுப் புகாமல் புதைந்ததால் மரங்கள் மக்கவில்லை. பாறைகள் சிதையும்போது நீரில் கரையும் சிலிகா மரத்துக்குள் ஊறி, மரத்தின் நுண்ணறைகளில் ஒவ்வொன்றாகப் படிந்து, மரம் இருந்த இடத்தில் அதே வடிவில் கல்லை வைத்தது. வெங்கச்சங்கல்லும் சிலிகாதான்.

திருவக்கரையிலிருந்து ஒரு சிறு துண்டுகூட எடுத்து வராதீர்கள். சட்டம் தடுக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உங்களுக்கு அடுத்து வரும் பஸ்ஸிலும் ஒரு தம்பியும் தங்கையும் வருவார்கள். திருநாதர்குன்றிலும் ராஜகிரியிலும் பெயர் கிறுக்கும் கையைக் கண்டால் நிறுத்தச் சொல்லுங்கள். பெரியவர்கள் துணையோடு போங்கள், தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், மழை நாளில் பாறையில் ஏறாதீர்கள்.

எங்கள் வீட்டு வெல்லக்கட்டி உருண்டையாக ஒன்பது நிமிடம் ஆனது. உங்கள் வீட்டுக் கட்டிக்கு எத்தனை நிமிடம் ஆனது, வெந்நீரில் போட்டால் என்ன ஆனது என்று படம் வரைந்து இதழுக்கு எழுதுங்கள்.